எரிந்த செம்பு

புதுக் கம்பி முறைக்கும்.
வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும்.
எரிந்த மோட்டாரில் உருவிய செம்பு அப்படியில்லை;
ஒருமுறை தீயில் வெந்தது,
விரல் நிறுத்திய இடத்தில் நிற்கும்.
காவேரிப்பட்டணத்தில் காயில் கட்டும் கடை வைத்ததில்
எனக்குக் கிடைத்த ஒரே சொகுசு:
என் மரங்களுக்குக் கம்பி இலவசம்.

மாடியில் பதினோரு தொட்டி.
வாட்டர் டேங்க் விரிசலில் பிடுங்கிய இச்சி.
யாரோ வெட்டி எறிந்த காகிதப்பூவின் அடிக்கட்டை.
ஒரு புளி: வயது ஒன்பது, உயரம் ஒன்றரைச் சாண்.

குளிரில் மரம் தூங்கும்,
அப்போது வேரைத் தொடு என்றது ஜப்பான் படம் போட்ட புத்தகம்.
இங்கே எது தூங்குகிறது?
சித்திரையில் வெட்டினேன்.
பதினெட்டாம் நாள் துளிர்த்துவிட்டு
இச்சி என்னைப் பார்த்தது.

கம்பியும் அப்படித்தான்.
புத்தகத்தில் ஆறு மாதம், இங்கே ஆறு வாரம்.
மோட்டார்கள் வாசல்வரை குவிந்த ஒரு பங்குனியில்
மறந்துபோனேன்.
பட்டைக்குள் இறங்கிய திருகுத் தழும்பு
புளியின் இடது கிளையில் இன்னும் இருக்கிறது.
பார்க்க வருபவர்களுக்கு
அந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை.

தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு,
மேலே பாதி கிழிந்த பச்சை வலை.
தளத்தில் கால் வைக்க முடியாத மத்தியானத்தில்
ஓடும் மோட்டாரின் சூடு பார்ப்பதுபோல்
புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டு வருவேன்.

போன கோடையில் திம்மராயன் வந்தார்,
மொபெட்டின் பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு.
மூன்றாவது தடவை.
ஆயிரத்து நூறு அடியில்
தண்ணீரே இல்லாமல் ஓடிக் கருகியது.
நான் தண்ணீர் ஊற்றும் நேரம்;
பின்னாலேயே மாடி ஏறி வந்தவர்
புளியின் முன் குத்துக்காலிட்டார்.
"இதுக்கு எவ்ளோ தண்ணி?"
"காலையில ஒரு சொம்பு. சாயந்திரம் ஒரு சொம்பு."
"லாரித் தண்ணியா?"
"ம்."
அவருடைய அறுபது மாமரத்தில்
இருபத்திரண்டு விறகாகப் போனது எனக்குத் தெரியும்.
சொம்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
அவர்தான் சிரித்தார்:
"எங்க மாமரத்தையும் இப்படி ஆக்கிக் குடேன்மா,
சொம்புலயே முடிச்சுக்கறேன்."

மீதி அறுநூறு ரூபாய்க்கு
மறு ஞாயிறு ஈரச் சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார்.
உசில்.
அவர் நிலத்தோரக் கரட்டில், பாறை இடுக்கில் இருந்ததாம்.
"இருபது வருசமா எங்க ஆடுங்க இத வளர விடல.
நீ பண்றதத்தான அதுங்களும் பண்ணுது?"

முழங்கால் உயரம். அடியில் என் கணுக்கால் பருமன்.
கடித்த இடத்தில் கிளை இரண்டாகி,
மறுபடி கடித்த இடத்தில் நாலாகி,
எந்தக் கத்தரியும் யோசிக்காத திருப்பங்கள்.
என் பதினோரு தொட்டியும் சட்டென்று
பள்ளிக்கூட டிராயிங் நோட்டுப்போல் தெரிந்தன.

செங்கல் ஜல்லி சலித்து, பெயிண்ட் வாளியில் நட்டேன்.
பத்து நாள். இருபது நாள். நாற்பது.
இலை இல்லை.
நகத்தால் கீறினால் பட்டைக்கடியில் பச்சை;
அவ்வளவுதான் தகவல்.
கீறிக் கீறி நானே கொன்றுவிடுவேனென்று
ஒரு ராத்திரி நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன்.

நடுவில் போன் செய்தார். துளிர்த்ததா என்றார்.
மோட்டாரைப் பற்றி நான் கேட்கவில்லை.

இன்று காலை மூன்று இடத்தில்,
கடுகைவிடச் சின்னதாய், ஏதோ.
வெறும் பிசினாகவும் இருக்கலாம்.
கையில் அவர் மோட்டாரின் செம்பு இருந்தது.
நாலு பக்கமும் சுற்றி வந்தேன்.
ஆடு தப்பாகக் கடித்த ஒரு கிளைகூடக் கிடைக்காமல்
கம்பியைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.

கீழே, ரசீதுப் புத்தகத்தில்
'திம்மராயன், பாக்கி 600'
இன்னும் அடிக்காமல் இருக்கிறது.
இலை ஆகட்டும்.